குடலுக்குள் ஏரி மண்

எங்கள் நாய் வேலியோரம் முதுகை வளைத்து உட்கார்ந்து, வெகுநேரம் முக்கிக்கொண்டிருந்தது. வந்தது கொஞ்சம் தண்ணீரும் சளியும், அதில் ஒரு ரத்தக் கீற்றும். நான் விலங்கியல் படித்தவள். கல்லூரியில் முயலின் பெருங்குடலைப் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் கோடிழுத்துப் பெயரெழுதி, ஆசிரியையிடம் பாராட்டு வாங்கியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் பார்த்ததுமே சொல்லிவிட்டேன், சீதபேதி என்று.

நாய் என் மகளுடையது. அவளுக்குப் பதிமூன்று வயது. மூன்று வருடங்களுக்கு முன் மீன் ஏலம் போடும் கொட்டகையிலிருந்து அதைச் சட்டைக்குள் ஒளித்து எடுத்து வந்தாள். அன்று வேலியோரம் அதன் பக்கத்திலேயே குந்தியிருந்தவள் சொன்னாள்: “அம்மா, அதுக்குப் போகலம்மா. போக முடியாமத் தவிக்குது.”

“ரத்தமாப் போயிக்கினு கீது, போகலன்ற. கண்ணு தெரியலயாடி?”

வீட்டில் பேதியை நிறுத்தும் மாத்திரை இருந்தது. பாதியைப் பொடித்து, பால் இல்லாத டீயில் கரைத்துக் கரண்டியால் புகட்டினேன். மகள்தான் வாயைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் மீதிப் பாதி. மாதுளைத் தோலையும் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். முக்குவது குறைந்தது. குணமாகிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை அது வாந்தி எடுத்தது. வயிறு விண்ணென்று இருந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, மகள் கூப்பிட்டும் வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். “படிச்ச வூட்டு நாயாச்சே. மாத்திரைய முழுங்கிட்டு ரெஸ்ட் எடுக்குது.” யாரும் சிரிக்கவில்லை என்றதும் முந்தானையைச் செருகிக்கொண்டு அவளே குனிந்து நாயை வெளியே இழுத்தாள்.

என் கணவர் ஏரியில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். ஐஸ் கொண்டுவரும் வண்டியை நிறுத்தி எங்களை ஏற்றினார். பொன்னேரி கால்நடை மருத்துவமனையில் இருந்த டாக்டர் இளவயதுப் பெண். நாயின் வயிற்றை இரண்டு கைகளாலும் மெல்ல அழுத்திக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார்.

“கையக் குடுங்கம்மா.”

என் விரல்களை அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் நீளமாக, முறுக்கிய ஈரக் கயிறு போலக் கெட்டியாக ஏதோ இருந்தது. கல்லூரியில் அத்தனை முறை வரைந்த உறுப்பை உயிருள்ள உடம்பில் நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

“பெருங்குடல் முழுக்க அடைச்சிருக்கு. நீங்க பாத்த தண்ணி அடைப்புக்கு ஓரமா கசிஞ்சது. வீட்டுல ஏதாவது குடுத்தீங்களா?”

மகள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அது குடலோட அசைவையே அடக்குற மாத்திரைம்மா. அசைவு நின்னாலும் பெருங்குடல் தண்ணிய உறிஞ்சிக்கினேதான் இருக்கும். உள்ள நிக்க நிக்கக் காஞ்சி கல்லாயிடும். எனிமா குடுத்துப் பாக்கலாம். வரலைன்னா ஆபரேஷன்தான். அதத் தாங்குமான்னு இப்ப சொல்ல முடியாது.”

“ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரத்துல மண்ணடிச்சா ஏரி கெட்டுப்பூடுமே, அந்த மாதிரியா டாக்டர்?” என்றார் கணவர்.

“அதே மாதிரிதான். தூர் வாரிப் பாப்போம்.”

“நைனா, சும்மா இரு” என்றாள் மகள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே எனிமா கொடுத்தார்கள். முன்கால்களை மகள் பிடித்துக்கொண்டாள், பின்கால்களை நான். முதல் தடவை உள்ளே போன தண்ணீர் அப்படியே திரும்பியது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாவதில் நாய் ஒருமுறை ஊளையிட்டது. கறுத்த சாம்பல் நிறத்தில் கட்டிகட்டியாக விழுந்தது. டாக்டர் குச்சியால் கிளறிப் பார்த்தார்.

“மண்ணு! இவ்ளோ மண்ண எங்க தின்னுச்சி?”

அந்த மண்ணை எனக்குத் தெரியும். எங்கள் ஏரியில் மடவை மீன் சேற்றை மேய்ந்து வாழ்வது. சேற்றோடு விழுங்கி, அதிலிருக்கும் சத்தை எடுத்துக்கொண்டு மண்ணை வெளியே தள்ளிவிடும். வயிற்றைக் கீறினால் மெல்லிய குடல் சுருள் சுருளாக வந்துகொண்டே இருக்கும், உள்ளே இதே மண்ணோடு. இரண்டு வாரமாக வலையில் மடவை நிறைய விழுந்தது. கருவாட்டுக்கு அறுத்த மீன்களின் குடலை மற்றவர்கள் கரையில் வீசிவிட்டார்கள். பச்சையாகத் தின்றால் பூச்சி வைக்கும் என்று படித்த நான், வீட்டுக்குக் கொண்டுவந்து வேகவைத்து, சோற்றோடு பிசைந்து நாய்க்கு வைத்தேன், நாள் தவறாமல். ஒரு குடலையாவது கீறி மண்ணைக் கழுவத் தோன்றவில்லை.

அப்படியானால் கரையில் திரியும் நாய்களுக்கு ஏன் இது வரவில்லை? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் காலை மீன் அறுக்கும் இடத்துக்குப் போய் நின்றேன். ஒரு கறுப்பு நாய் குடல்கொத்தை வாயில் கவ்வி உதறியது. ஈரலையும் கொழுப்பையும் பிய்த்துத் தின்றது. கறுத்த சுருளை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. காக்கை கூட அதைக் கொத்திவிட்டுப் போட்டுவிட்டது. அவற்றுக்குப் பொறுக்கித் தின்ன வழியிருந்தது. எங்கள் நாய்க்கு அந்த வழியில்லாமல் நான் பிசைந்து வைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு நாள் பொன்னேரிக்குப் போய்வந்தோம். நாய் பிழைத்தது. விரிந்த குடல் பழைய நிலைக்கு வர நாளாகலாம், மறுபடியும் அடைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதனால் தினமும் காலையில் அது போவதைக் கிளறிப் பார்க்கக் கையில் குச்சியோடு அதன் பின்னால் போகிறேன். “டாக்டரம்மா டூட்டிக்குக் கிளம்பியாச்சி” என்று பக்கத்து வீட்டு அக்கா தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்கிறாள்.

அந்த மாத்திரை அட்டை இன்னும் மருந்து டப்பாவில் இருக்கிறது. போன வருடம் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, ஒரு வார்த்தை கேட்காமல் அதிலிருந்து ஒன்றைப் பிரித்து அவள் வாயில் போட்டவள் நான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

போன வாரம் அவள் பள்ளியிலிருந்து வந்து, “வயிறு வலிக்குதும்மா” என்றாள். என் கை டப்பா வரைக்கும் போய் நின்றது. தரையில் அவள் எதிரே உட்கார்ந்தேன்.

“எப்புடி வலிக்குது? எப்ப ஆரம்பிச்சிது? சொல்லு.”

அவள் என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சொல்றேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ எந்திரிக்கக் கூடாது.”