தாய்மாமன் மடி

மாமா முன்சீப் ஆக வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆசை. அம்மாவின் தம்பி அவர். சட்டம் படித்துவிட்டுச் சித்தூர் கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு வெயிலில் அலைந்துகொண்டிருந்தார். வக்கீலாகச் சில வருடம் தள்ளியிருக்க வேண்டும், தெலுங்குப் பரீட்சை எழுத வேண்டும், பெரிய ஜட்ஜுகள் முன்னால் நாக்கு உலராமல் பேச வேண்டும். எல்லாவற்றையும் தாண்டிவிட்டார். பாக்கி இருந்தது போலீஸ் விசாரணை ஒன்றுதான்.

அங்கேதான் என் அப்பா, நைனா, குறுக்கே நின்றார். ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது, நகரிப் பக்கத்து எங்கள் ஊர் மதராஸோடுதான் சேர வேண்டும் என்று கொடி பிடித்து, ரயிலை மறித்து, ஜெயிலுக்கும் போய் வந்தவர். அவருடைய மைத்துனனுக்கு யார் ஜட்ஜ் வேலை கொடுப்பார்கள்? நைனாவே வழியும் சொன்னார். ஆர்டர் வரும்வரை இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று ஊரை நம்ப வைக்க வேண்டும். இது நைனா, அம்மா, மாமா மூவருக்குள் முடிந்த பேச்சு. எனக்குச் சொல்லவில்லை. என் வாய் அப்படி.

அந்தச் சமயத்தில்தான் திருப்பதியில் எனக்குக் காது குத்தினார்கள். மாமாவுக்கு ஒழிவு கிடைக்கட்டும் என்று ஆறு வயது வரை தள்ளிப்போட்ட காது. மாமா வரவில்லை. அவர் மடியில்தான் உட்காருவேன் என்று தரையில் புரண்டேன். கடைசியில் பெரியப்பா மடியில் அமுக்கிப் பிடித்துக் குத்திவிட்டார்கள். தாய்மாமனே வராத காது குத்து என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு மாமாவை அடியோடு பிடிக்காமல் போயிற்று.

கொஞ்ச நாளில் சித்தூரிலிருந்து மப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்தார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே மாமாவைப் பற்றி விசாரித்தார். அந்த வீட்டு வாசப்படி மிதித்தே நாளாகிறது என்றார் நைனா. வந்தவர் நம்பின மாதிரி தெரியவில்லை. அவரும் நம் பக்கத்து மனிதர்தானே, எங்கே தொட்டால் உண்மை வரும் என்று தெரிந்திருந்தது. என் காதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, காது குத்தும்போது யார் மடியில உக்காந்துகினே?”

“பெரியப்பா மடியில. மாமா வரவேயில்ல. அவரு எங்களுக்கு வேணாம்.”

அவர் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டார். நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அம்மா மட்டும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“என்னாத்துக்கு அழுவுற? நெசத்ததான சொன்னேன்” என்றேன்.

“நெசந்தான்மா” என்றாள்.

ஆர்டர் வந்தது. மாமாவைக் கடலோர ஜில்லாவுக்குப் போட்டார்கள். வேலை கிடைத்தாலும் அதைக் காப்பாற்ற வேண்டுமே. ஜெயிலுக்குப் போனவர் வீட்டுக்கு ஒரு முன்சீப் எப்படி வந்து போவது? முதலில் சாக்குச் சொன்னார், பிறகு அதுவும் இல்லை. எல்லைத் தகராறு தீர்ந்து எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்ட பிறகும் அவர் வரவில்லை. அன்று அம்மா அழுததற்கு, மாமாவை நான் கோள் சொல்லி மாட்டிவிட்டதுதான் காரணம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.