மோர் குடிக்காத ஆள்

எங்கள் தெருவுக்குக் காமாலை எங்கிருந்து வந்தது என்பதை மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். தொற்றுநோய்கள் எப்படிப் பரவுகின்றன என்று ஆராயும் வேலைக்கு நான் வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. இதுவரை எந்த நோயின் மூலத்தையும் மூன்று நாளில் நான் கண்டுபிடித்ததில்லை. அவ்வளவு பெரிய மூளைகள் எல்லாம் கோவில்பட்டியில் எங்கள் தெருவிலேயே தங்கிவிட்டன போலிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கார்த்திகை. நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு ஒருவராவது கண் மஞ்சளாகிப் படுத்துக்கிடந்தார்கள். எங்கள் வீட்டில் நான். எல்லாவற்றுக்கும் மோர்க்கார அக்காதான் காரணம் என்று தெரு முடிவு செய்தது.

அவர் கழுகுமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலையில் முதல் பஸ்ஸில் வருவார். ஆடு மாடு வளர்க்கிற குடும்பம். தெருவில் அவரிடம் மோர் வாங்காத வீடே கிடையாது. நோய் வந்தவர்கள் வாங்கினார்கள், வராதவர்களும் வாங்கினார்கள். வராதவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. வெளியூர்க்காரர், சேலையில் சாணி வாடை, அதட்டினால் திருப்பி அதட்டமாட்டார். பழி சுமக்க இவ்வளவு தகுதி போதாதா?

நான் மட்டும் அந்த மோரைக் குடித்ததில்லை. உடம்பு தேறும் என்று அம்மா தினமும் ஒரு தம்ளர் கொடுப்பாள். அந்தப் புளிப்பு எனக்குக் குமட்டும். அம்மா முகத்தைத் திருப்பியதும், பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் ஊற்றிவிடுவேன். ஒருதடவை பிடிபட்டு முதுகு வீங்கியது. அதன் பிறகு பிடிபடாமல் ஊற்றக் கற்றுக்கொண்டேன்.

அன்று காலையில் அப்பா வாசலிலேயே அந்த அக்காவை மறித்தார். அப்பாவுக்குப் பஜாரில் பலசரக்குக் கடை. தெருவில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. "ஊரு பூரா நோயக் கொண்டாந்து ஊத்திட்டு, இன்னமும் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வார?" என்று கத்தினார்.

"எம் பிள்ளைகளும் இந்த மோரத்தான் அண்ணாச்சி குடிக்கி. அதுகளுக்கு ஒண்ணும் வரலியே" என்றார் அவர்.

அப்பா பானையை வாங்கிச் சாக்கடையில் கவிழ்த்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே பொருளைச் சாப்பிட்டும் நோய் வராதவர்களைக் காட்டி ஒருவர் கேள்வி கேட்கிறார். என் படிப்பில் இதைப் பல மாதம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வாசலில் அறிவோடு பேசிய ஒரே ஆளை நாங்கள் விரட்டினோம். அவர் காலிப் பானையை எடுத்துக்கொண்டு போனார். அன்று மதியம் எனக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். எதில் கலக்கி? மோரில்தான். வேறு இடத்தில் வாங்கிய மோர்.

அந்த வாரம் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. திருநெல்வேலியில் டாக்டராக இருந்தாள். ஆனால் ஊசி போடாமல், நோய் எங்கிருந்து வருகிறது என்று நோட்டும் கையுமாக அலைகிற டாக்டர் என்று வீட்டில் அவளைக் கேலி செய்வார்கள். என்னைப் பார்க்க வந்தவள் வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதினாள். பிறகு எங்கள் வாசலில் இருந்த குழியின் பக்கத்தில் போய் வெகுநேரம் நின்றாள்.

எங்கள் ஊரில் நல்லதண்ணி பத்து நாளைக்கு ஒருமுறை வரும். அதுவும் நூல் மாதிரி. தரைக்கு மேலே குழாய் வைத்தால் சொட்டுக்கூட ஏறாது. அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கியிருப்பார்கள். படி வழியாக இறங்கிக் குடத்தை வைக்க வேண்டும். எவன் குழி ஆழமோ அவன் வீட்டில் முதலில் தண்ணீர். தெருவிலேயே ஆழமான குழி எங்களுடையது. அப்பாவுக்கு அதில் அவ்வளவு பெருமை.

"தண்ணி நிக்கும்போது குழாய் திருப்பி இழுக்கும்ணே. போன மாசம் அடிச்ச மழையில சாக்கடை பூரா இந்தக் குழியிலதான் நெறஞ்சி கெடந்திருக்கு. அத இழுத்து, அடுத்த தடவ தெருவுக்கே குடுத்திருக்கு. கிருமி உள்ள போயி ஒரு மாசம் கழிச்சித்தான் கண்ணு மஞ்சளாவும்" என்றாள் அத்தை.

அப்பாவுக்கு முகம் கறுத்தது. "காமாலை வந்த அத்தன பேரும் அவ மோரக் குடிச்சிருக்காவ. மோரக் குடிக்காம காமாலை வந்த ஒரே ஒரு ஆளக் காட்டு. இன்னைக்கே குழிய மூடிட்டு, அவ வீட்டுக்கே போயி மன்னிப்புக் கேக்குதேன்."

அத்தை மறுபடி ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். எல்லாரும் குடித்திருந்தார்கள். கடைசியில் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நெசமாச் சொல்லு. நீ தெனமும் மோரு குடிச்சியா?"

அவளுக்குப் பின்னால் நிலைப்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"தெனமும் ரெண்டு தம்ளர்" என்றேன்.

"ஒரு நாள்கூட கொட்டலியா?"

"எங்கம்மா மேல சத்தியமா."

அத்தை நோட்டை மூடினாள். மறுநாள் காலை திருநெல்வேலி பஸ் ஏறினாள். குழி அப்படியே இருந்தது. மோர்க்கார அக்கா அதன் பிறகு எங்கள் தெருவில் காலடி வைக்கவில்லை. பக்கத்துத் தெருக்களிலும் அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டதாக அம்மா நல்ல செய்தி போலச் சொன்னாள். அடுத்த வருஷ மழைக்கும் காமாலை வந்தது. விரட்ட மோர்க்காரி இல்லாததால் ஐஸ்காரரை விரட்டினார்கள். எத்தனை பேரை விரட்டினாலும் குழிமேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது!

இன்று நான் எந்த வீட்டுக்குக் கேள்வித்தாளோடு போனாலும், பிள்ளைகளிடம் கேட்பதற்கு முன் பெரியவர்களை வெளியே அனுப்பிவிடுகிறேன். முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

அன்றைக்கு எனக்கு அத்தைமேல்தான் ஆத்திரம். சத்தியம் செய்த பிறகும் என்னை அவள் நம்பவில்லை என்று அவள் கண்ணைப் பார்த்தே தெரிந்தது. படுக்கையில் கிடக்கிற பிள்ளையைத் திருடியைப் போல விசாரிக்கிறாளே என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அவள் போய்வருகிறேன் என்றபோதும் திரும்பவில்லை. அரைப் பரீட்சை லீவுவரை அவளோடு பேசவும் இல்லை. அந்தத் தெருவில் மோர்க்கார அக்காவுக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆள் கிடைக்காதா என்று அவள் வீடு வீடாகத் தேடிவிட்டு, கடைசியாக என்னிடம் வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.