பூமிக்கு மூடி போட்ட படம்

அப்போது நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பல்சக்கரம், தண்டு, பெரிய போல்ட் என்று மேஜைக்கு வருவதையெல்லாம் அளந்து பார்த்து, தேறாததை ஒதுக்குவது என் பொறுப்பு. ஒதுக்கிய சாமானில் ஒரு சிவப்பு அட்டையைக் கம்பியால் கட்டுவோம். காரணத்தை எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். தானும் பார்த்து ஒத்துக்கொண்டதாக அதன் கீழே இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இன்னொருவன் என் நண்பன். பதினாறு வருடம் என் பெயருக்குக் கீழே அவன் பெயர்தான் இருந்தது. நெமிலிச்சேரியில் ஒரே குடியிருப்பில் நான் இரண்டாவது மாடி, அவன் முதல் மாடி. ஒன்றாக ரயிலேறிப் போய் ஒன்றாகத் திரும்புவோம். இப்படிப்பட்ட ஒருவனைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

எங்கள் இருவருக்கும் உலகம் அழிகிற படங்கள் என்றால் பைத்தியம். ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் தமிழ் பேசும் இங்கிலீஷ் படங்களின் டிவிடி கிடைக்கும். எரிமலை, பனிப்புயல், வானத்திலிருந்து விழும் பாறை, எதுவானாலும் வாங்கிவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் என் வீட்டு ஹாலில் உட்காருவோம். ரிமோட் என் கையில் இருக்கும். அறிவியலுக்கு ஒத்துவராத காட்சி வந்தால் உடனே நிறுத்துவேன். என்ன தப்பு என்று விளக்குவேன். அவன் "ஆமா மாமே, செம தப்பு" என்பான். சிரித்துவிட்டு மறுபடி ஓடவிடுவோம். ஒன்றரை மணி நேரப் படம் முடிய நான்கு மணி நேரம் ஆகும். முடிந்ததும், கம்பெனியில் அச்சுப் பிசகி வீணான சிவப்பு அட்டை ஒன்றில் காரணம் எழுதி டிவிடி உறைக்குள் செருகுவேன். 'பனிப்பாறை கொதிக்கிறது. சரிசெய்ய இயலாது.' கீழே அவன் கையெழுத்து. என் மனைவி சோபா ஓரத்தில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். நடுவில் எழுந்து போய்விடுவாள். வேலை இருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு அந்த நான்கு மணி நேரம் எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் நான் வருவதைப் பார்த்தாலே மெஷின்காரர்களுக்கு முகம் சுருங்கும். ஒதுக்குகிறவனை யாருக்குப் பிடிக்கும்? வாரத்தில் அந்த ஒரு மதியம்தான் என் குறை கண்டுபிடிக்கும் புத்தியை நாலு பேர் ரசிக்கிறார்கள் என்று நம்பியிருந்தேன்.

ஒரு ஞாயிறு அந்தப் படம் வந்தது. கடலுக்கு அடியில் ஓட்டை விழுந்து, தண்ணீரெல்லாம் பூமியின் வயிற்றுக்குள் இறங்குகிறது. உள்ளே போன தண்ணீரால் பூமி கனத்துப்போய்ச் சூரியனை நோக்கிச் சரிகிறது. தண்ணீர் அதற்கு முன்பும் பூமியில்தானே இருந்தது, எடை எப்படிக் கூடும் என்று நான் முதல் பத்து நிமிடத்திலேயே நிறுத்திவிட்டேன். வெள்ளைத் தாடி விஞ்ஞானிக்கு வண்ணாரப்பேட்டை ஆட்டோக்காரர் குரல் கொடுத்திருந்தார்கள். "பூமி சாயுது நைனா, மூடி ரெடியா கீதா?" என்று அவர் ராணுவத் தளபதியைக் கேட்டபோது நாங்கள் புரண்டு புரண்டு சிரித்தோம். ஓட்டைக்கு இரும்பு மூடி செய்து, நீர்மூழ்கியில் கொண்டுபோய், கடலடியில் போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். போல்ட் விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியுமா? ஆள் உயரப் போல்ட்டை ஒற்றை ஆள் ஸ்பேனரால் முடுக்குகிறான்.

கடைசி போல்ட்டை உள்பக்கமிருந்துதான் முடுக்க முடியும். விஞ்ஞானி உள்ளேயே தங்கிவிடுகிறார். மேலே இருக்கும் மகளோடு வயர்லெஸ்ஸில் பேசுகிறார். தண்ணீருக்குள் ரேடியோ அலை அவ்வளவு ஆழம் போகாது என்று அங்கே நிறுத்தி வெகுநேரம் பேசினேன். அன்று எழுதிய காரணங்கள் அட்டையின் பின்பக்கம் வரை போயின. அவன் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

சனிக்கிழமைகளில் நான் ஓவர்டைம் பார்ப்பேன். அவன் வரமாட்டான். பெருமாளுக்கு விரதம், கோவிலுக்குப் போக வேண்டும் என்பான். அந்த வாரச் சனிக்கிழமை தொழிற்பேட்டையில் மதியமே கரண்ட் போய்விட்டது. இனி வராது என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்கெல்லாம் நான் வீட்டு மாடி ஏறிக்கொண்டிருந்தேன். என் வாசலில் நாலைந்து ஜோடி செருப்பு கிடந்தது. அவற்றில் பெருமாள் கோவிலுக்குப் போயிருக்க வேண்டிய செருப்பும் ஒன்று.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே என் மனைவி, அவன், அவன் மனைவி, கீழ் வீட்டு டீச்சர். ஜன்னலில் போர்வை கட்டி ஹாலை இருட்டாக்கியிருந்தார்கள். தட்டில் வெங்காயப் பக்கோடா. டிவியில் அதே வெள்ளைத் தாடி, அதே மூடி, அதே கடைசி போல்ட். "அழுவாத கண்ணு, அப்பா இங்கதான் கீறேன்" என்று வயர்லெஸ்ஸில் அந்த ஆட்டோக்காரக் குரல். யாரும் நிறுத்தவில்லை. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். டீச்சர் மூக்கை உறிஞ்சினார். என் நண்பன், என்னோடு கையெழுத்துப் போட்டவன், சத்தமாகவே அழுதுகொண்டிருந்தான். நான் எழுதிய சிவப்பு அட்டையின் மேல் அவனுடைய டீ டம்ளர் இருந்தது.

பொய் சொல்லிவிட்டார்களே என்பது மட்டுமல்ல என் ஆத்திரம். அந்த இடத்தில் எனக்கும்தான் போன ஞாயிறு தொண்டை அடைத்தது. அது தெரிந்துவிடக் கூடாதென்றுதான் ரிமோட்டை அமுக்கி ரேடியோ அலையைப் பற்றிப் பேசினேன். எனக்கும் அந்தப் படங்கள் உயிர். பிடிக்காத படத்தில் யாராவது இத்தனை தப்பு கண்டுபிடிப்பார்களா? இதை ஒருவர்கூட யோசிக்கவில்லை.

அவன் மனைவிதான் முதலில் என்னைப் பார்த்தாள். "அண்ணா வந்துட்டாரு" என்றாள், ஏதோ போலீஸ் வந்துவிட்ட மாதிரி. என் மனைவி ரிமோட்டைத் தேடிப் படத்தை நிறுத்தினாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"வா மாமே. இப்பதான் பேசிக்கினு இருந்தோம். ஒத்த ஆளு எப்டி இத்தாம் பெரிய போல்ட்ட முடுக்குவான்? செம தப்பு."

அவன் தொடர்ந்து அழுதுகொண்டே இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். எனக்காக அப்படிச் சிரித்தான் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. "ஓடட்டும், பாருங்க" என்று சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்தேன். படம் ஓடியது. எல்லோரும் ஓரக்கண்ணால் என் கையைப் பார்த்தார்கள். நான் ரிமோட்டைத் தொடவே இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ஒருவரும் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. பக்கோடா ஆறிப்போனது.

திங்கட்கிழமை பிளாட்பாரத்தில் கேட்டேன்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ஒரு ரெண்டு வருசம் இருக்கும் மாமே. தங்கச்சிதான் கேட்டுது. ஒரு படத்தையாவது முழுசா பாக்கணும்னு."

தங்கச்சி என்றது என் மனைவியை.

"அப்ப அட்டையில எதுக்குடா கையெழுத்துப் போட்ட?"

"நீ எய்தன, நான் போட்டேன். கம்பெனில மட்டும் இன்னா, நான் அளந்துட்டா போடறேன்? நீ பாத்தா கரீட்டாதான் இருக்கும்."

என்னைப் புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னான். பதினாறு வருடமாக இரண்டு பேர் பார்க்கிறோம் என்று நிம்மதியாக இருந்தவன் நான். ஒதுக்கியதெல்லாம் உண்மையில் தேறாததுதானா, இல்லை என் சிடுசிடுப்பா? யாரிடம் போய்க் கேட்பது? அன்று ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று முறை அளந்தேன். வீட்டிலும் வாரம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. என் மனைவி இரண்டு நாள் சமாதானம் செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வழக்கம்போல் புது டிஸ்க்கோடு வந்தான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன். மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"இனிமே நான் பாக்கல. நீங்க சனிக்கிழமையே பாத்துக்கங்க. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல."

வருத்தம் இல்லை என்று சொல்கிறவன் எதை எதிர்பார்த்துச் சொல்கிறான் என்று உலகத்துக்கே தெரியும். அவன் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பான். சின்னப் பிள்ளை மாதிரி என்ன இது என்று என் மனைவி கடிந்துகொள்வாள். நான் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு உட்காருவேன். நிறுத்தாமல் பார்க்கலாம் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன்.

அவன் என் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

"மனசாரத்தான் சொல்றியா மாமே? கோவம் இல்லியே?"

"இல்லடா."

அவன் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப சனிக்கிழமை இன்னாத்துக்கு? ஞாயித்துக்கிழமையே வச்சிக்கலாம். எல்லாருக்கும் லீவு. டீச்சரும் நிம்மதியா வருவாங்க."

நான் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் போர்வையை எடுத்து ஜன்னலில் கட்ட ஆரம்பித்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, நல்ல விதமாகத்தான் சொன்னாள்.

"அஞ்சு மணிக்குப் படம் முடிஞ்சிரும்ங்க. அதுக்கப்புறம் வாங்க."

சரி என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.