கூட்டறிக்கையில் ஒரு 'வாறன்'

எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டுப் புறப்படும்போது 'போறன்' என்று யாரும் சொல்வதில்லை. அது திரும்பி வராதவர்களின் சொல். பக்கத்துக் கடைக்குப் போனாலும் 'வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஒரு தடவை 'போறன்' என்று சொல்லி அம்மாவிடம் வாயில் அடி வாங்கியிருக்கிறேன். அந்த நல்ல பழக்கம்தான் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது என்று பதினொரு வருடமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்கு முன் பன்னிரண்டு வருடம் கொழும்பில் ஒரு கழகத்துக்கு உதைபந்தாட்டம் ஆடினேன். இடப்பக்கப் பின்களம். கழகத்தை நடத்திய கம்பனியே வேலையும் தந்தது. காலையில் களஞ்சியசாலையில் கையெழுத்து வைப்போம், பின்னேரம் மைதானத்துக்குப் போவோம். ஒரு பெட்டியைக்கூட நான் தூக்கியது கிடையாது. என் வேலை ஓடுவது. வலது முழங்கால் இரண்டாவது தடவை திரும்பியபோது அந்த ஓட்டம் நின்றது. 'இனி நீ வேண்டாம்' என்று ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை உடை மாற்றும் அறைக்குப் போனேன், என் அலுமாரியில் வேறொருவனுடைய பூட்ஸ் இருந்தது. களஞ்சியசாலையில் மட்டும் என் பெயர் அப்படியே இருந்தது. பெட்டி தூக்கச் சொன்னார்கள். மூன்று மாதம் தூக்கினேன். பிறகு இரண்டு கிழமை லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன்.

ஊர் களுதாவளைக்குக் கிட்ட. பிரதான வீதிக்கும் ஆற்றுக்கும் நடுவில் எங்கள் மைதானம். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். நான் வந்த மூன்றாம் நாள் ஊர்க் கழகத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கழகச் செயலாளர் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கூட்டத்தில் யாராவது தும்மினாலும் அறிக்கையில் எழுதிவிடுகிற ஆள்.

"தம்பி, கொழும்பில விளையாடின ஆள் நீங்க. எங்கட பொடியன்மாருக்கும் கொஞ்சம் பழக்கித் தந்தா என்ன?" என்று கேட்டார்.

பிளாஸ்டிக் கதிரையில் காலை மடக்கி இருந்ததில் முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லக்கூடப் பொறுமை இல்லை. எழும்பி, "சரி, வாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். பின்னால் கைதட்டல் கேட்டது. எதற்குத் தட்டுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் காலை வேலிக்கரையில் நின்று பல் தீட்டிக்கொண்டிருந்தேன். மைதானத்தில் பந்துச் சத்தம். சத்தத்தை வைத்தே தெரிந்தது, எவனோ விரல் நுனியால் உதைக்கிறான். இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு வாயில் பிரஷோடு போய், "டேய், அது காலா, அகப்பையா?" என்று கத்தினேன். நுனியால் உதைத்தவன் ஒரு மேசன். இப்போது அவன்தான் அணித் தலைவன். அவன் சிரித்துக்கொண்டு சொன்னான், "நீங்க வாறன் எண்டு சொன்னத செயலாளர் அறிக்கையில எழுதிட்டார் சேர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடைபெற்றுக்கொண்டு போன மனிதனை, ஒப்புக்கொண்டான் என்று எழுதி வைத்துவிட்டார்களே! ஆனால் அதற்கடுத்த நாளும் போனேன். லீவு முடிந்தது, கொழும்புக்குத் திரும்பவில்லை. யார் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது: "எழுத்தில பிடிச்சிட்டாங்க, விடுறாங்க இல்ல."

மாரி வந்தால் ஆற்றுத் தண்ணீர் ஏறி மைதானத்தின் பாதி மூழ்கிவிடும். முகத்துவாரம் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடும்வரை இறங்காது. மிச்சப் பாதியில் இருபது பேர் ஆளையாள் முட்டிக்கொண்டு ஆடுவார்கள். வேளாண்மை வெட்டுக் காலத்தில் ஆறேழு பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரை வயல் வட்டைக்குப் போய்விடுவார்கள். சுற்றுப்போட்டி கிடக்கிறதே என்று கத்தினால், "நெல்லு நிக்காது சேர்" என்பார்கள். ஒருவனை ஆளாக்கி எடுத்தால் அவன் கட்டாருக்கு விமானம் ஏறுவான். நான் மறுபடியும் பந்தை நிறுத்துவது எப்படி என்பதிலிருந்து தொடங்குவேன். அந்த ஒரே பாடத்தைப் பதினொரு வருடமாக எடுத்திருக்கிறேன். சில நாள் விசிலை வாயில் வைத்தாலே மூச்சு முட்டும். கலியாண வீட்டிலும் கோச், செத்த வீட்டிலும் கோச், முடிவெட்டப் போனாலும் கோச். என்னோடு ஆடியவர்கள் தொலைக்காட்சியில் கோட்டோரம் நின்று கை காட்டுவதைப் பார்த்தால் எழும்பிப் போய்ப் பெட்டியை நிறுத்திவிடுவேன்.

ஒரு தடவை விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தேன். செயலாளர் கண்ணாடியைப் போட்டு வாசித்து, சிவப்புப் பேனையால் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, "இத வடிவா எழுதித் தாங்க தம்பி" என்று திருப்பித் தந்தார். ஆத்திரத்தில் அவர் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். விடுகிறார்கள் இல்லை என்பதற்கு அதையும் ஒரு சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

இந்த மாரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, காத்தான்குடிக் கூட்டாளி ஒருவன் தொலைபேசியில் கூப்பிட்டான். கொழும்பில் நான் இடப்பக்கம், அவன் வலப்பக்கம். இப்போது மாலைதீவில் ஒரு கழகத்துக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளர்.

"மச்சான், எனக்குத் துணைக்கு ஒரு கோச் வேணும். ஒன்னத்தான் சொல்லி வெச்சிரிக்கன். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லு. இன்னொருத்தனும் நிக்கான்."

நாற்பத்துநாலு வயது எனக்கு, இனி இப்படி ஒரு அழைப்பு வராது. புல் உள்ள மைதானம், தினமும் வருகிற பதினெட்டுப் பேர், அறுவடைக்குப் போகாத பின்களம். மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"போங்க. விடுறாங்க இல்ல, விடுறாங்க இல்ல எண்டு பதினொரு வருசமா என்ட காத அறுத்த ஆள் நீங்கதானே. இப்ப போய்ச் சொல்லிட்டு வெளிக்கிடுங்க" என்றாள். அலுமாரியைக் கிண்டி என் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

வியாழக்கிழமை பின்னேரம் மைதானத்துக்குப் போனேன். இந்தத் தடவை 'போறன்' என்றுதான் சொல்வது என்று முடிவு. வாயில் அடி விழுந்தாலும் பரவாயில்லை, வேறு அர்த்தம் எழுத முடியாத சொல் அது. நடந்து போகும்போதே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பழகினேன். தண்ணீர் பெனல்டி எல்லை வரை ஏறியிருந்தது. மேசனும் மற்றவர்களும் மிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் பூவரசுக்குக் கீழே கதிரை போட்டு, அறிக்கைக் கொப்பியும் கையுமாக இருந்தார்.

"அண்ணன், முதல்ல அந்தப் பழைய அறிக்கையக் கொண்டு வாங்க. நான் வாறன் எண்டு சொன்ன நாள்ற அறிக்கை. என்னப் பிடிச்ச எழுத்த ஒருக்காப் பார்த்திட்டுத்தான் மிச்சக் கதை" என்றேன்.

மைதானத்தை ஒட்டித்தான் அவர் வீடு. போய், கறையான் தொட்ட ஒரு கொப்பியோடு வந்தார். பக்கத்தைப் புரட்டி என்னிடம் நீட்டினார். தபால் கந்தோர்க் கையெழுத்து, அச்சுப் போல இருந்தது.

'பயிற்சி தருமாறு கேட்கப்பட்டபோது அவர் "சரி, வாறன்" என்று கூறி எழுந்து சென்றார். சபையோர் கைதட்டினர். எனினும், அவர் ஒப்புக்கொண்டாரா, விடைபெற்றாரா என்பது தெளிவில்லை. தாமாக மைதானத்துக்கு வந்தால் ஒப்புக்கொண்டதாகக் கொள்வது. வராவிடில் அவரைத் தொந்தரவு செய்வதில்லை. ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

இரண்டு தடவை வாசித்தேன். வேலிக்கரையில் பிரஷோடு நின்ற காலை ஞாபகம் வந்தது. ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. நான்தான் போனேன்.

"இத ஏன் இவ்வளவு காலமும் எனக்குக் காட்டல்ல?"

"நீங்க கேக்கல்லயே தம்பி. கேட்டா ஆருக்கும் காட்டுவன்" என்றார். புதுக் கொப்பியைத் திறந்து பேனை மூடியைக் கழற்றினார். "சரி, என்னவோ சொல்ல வந்த நீங்க. சொல்லுங்க."

பழகிக்கொண்டு வந்த சொல்லை விட்டுவிட்டுப் பழைய கொப்பியை அவரிடம் நீட்டினேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயம் வந்தது. அங்கேயும் ஒரு திங்கட்கிழமை வரும், என் அலுமாரியில் வேறொருவனுடைய சாமான் இருக்கும். அப்போது யாரைக் குறை சொல்வேன்? இங்கே இந்தக் கிழவர் இருந்தார், அவருடைய எழுத்து இருந்தது, மாரித் தண்ணீரும் நெல்லும் இருந்தன. திட்டுவதற்கு எனக்கு ஒன்றுக்கும் குறைவு இருக்கவில்லை.

அந்த நேரம் பந்து தண்ணீருக்குள் போய் விழுந்தது. "எடுக்கிறதுக்கு ஆரும் இல்லையாடா?" என்று கத்திக்கொண்டு காற்சட்டையை மடித்துவிட்டு நானே இறங்கினேன். திரும்பி வந்தபோது செயலாளர் பேனையை மூடியிருந்தார்.

வீட்டுக்கு வந்து அறிக்கையில் இருந்ததை மனைவியிடம் அப்படியே சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கூட்டாளி கூப்பிட்டான். "என்ன மச்சான், வாறியா?"

"வரல்ல மச்சான்."

"ஏன்டாப்பா?"

மனைவி எனக்கு எதிரே நின்று உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் சொன்னேன், "இஞ்ச விடுறாங்க இல்ல."

அவன் உச்சுக் கொட்டிவிட்டு வைத்தான். மனைவி கையிலிருந்த உடுப்பைக் கட்டிலில் வைத்தாள். மேசையிலிருந்த பாஸ்போர்ட்டை எடுத்தாள்.

"ஆரு விடல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நாலரை மணி ஆகியிருந்தது. ஆணியில் தொங்கிய விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டேன். "வாறன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.