முதுகு காட்டும் படங்கள்

சங்கரன்கோவிலில் மருதப்பன் அண்ணாச்சியைத் தறிக்காரர் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். முப்பது வருஷமாக விசைத்தறி ஓட்டுகிறார். ஆனால் ஃபேஸ்புக்கில் நாலாயிரம் பேர் அவரை விமர்சகர் என்கிறார்கள். அந்தப் பேர் ஒன்றுதான் அவர் தானாகச் சம்பாதித்தது. அதற்குப் பங்கம் வந்தால் மனுஷர் தாங்க மாட்டார்.

அவர் கிழிப்பதெல்லாம் சின்ன பட்ஜெட் படங்களைத்தான். வெளிநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று விளம்பரத்தோடு வருமே, அந்த வகை. "கரிசக்காட்டுல ஒருத்தன் நடக்கான், நடந்துக்கிட்டே இருக்கான். எங்க போறாம்னு டைரக்டருக்கே தெரியல" என்று ஒன்றுக்கு எழுதினார். இன்னொன்றுக்கு, "புருசன் பொண்டாட்டி சண்டையாம். ரெண்டு பேரும் ஜன்னலப் பாத்து நிக்காவ. சண்டைன்னா நாலு வார்த்தை வேண்டாமாவே? முதுகக் காட்டுனா கலையா?"

அவர் தறி ஷெட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கும் அந்தப் படங்கள் ஆகாது. சோகத்தை மூட்டை கட்டி நம் தலையில் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே அவர் எழுதியதையெல்லாம் விழுந்து விழுந்து சிரித்து எல்லோருக்கும் அனுப்பிவைத்தேன்.

போன மாதம் இளையரசனேந்தல்காரர் மாரிசெல்வம், தான் எடுத்த முதல் படத்தை இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் திரையிட்டார். "அண்ணாச்சி, முடிஞ்சதும் மேடையில நீங்கதான் முதல்ல பேசணும்" என்று வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளதச் சொல்லுவேன். பெறவு அழப்பிடாது" என்றார் அண்ணாச்சி. என்ன திமிர்!

கடைசிக் காட்சியில் துபாய்க்குக் கிளம்பும் மகனும் தாயும் குளத்தங்கரையில் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஏழு நிமிஷம் கேமரா அசையவில்லை. அண்ணாச்சி கொட்டாவி விட்டார். பக்கத்தில் அவர் மனைவி யோகலட்சுமி மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னால் கேவலம், நானும் கைக்குட்டையைத் தேடினேன்.

படம் முடிந்ததும் அண்ணாச்சி மேடையேறி மைக்கைப் பிடித்தார். "ஏழு நிமிஷம் ரெண்டு முதுகு. ஒத்த வார்த்தை கிடையாது. ஏம்வே மாரிசெல்வம், வசனம் எழுத ஆள் கெடைக்கலியா?"

கிண்டல் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

"அந்த அம்மா பேசிக்கிட்டேதான இருக்காவ அண்ணாச்சி" என்றார் மாரிசெல்வம், தலை குனிந்துகொண்டு.

"என்னவே முனங்குதீரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷெட்டில் தறிச் சத்தத்தில் ஒருத்தர் உதட்டை ஒருத்தர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். முப்பது வருஷத்தில் அந்தச் சத்தம் அவர் காதைத் தின்றிருக்கிறது. முகம் பார்த்துப் பேசினால் எல்லாம் பிடிபடும்; திரும்பிக்கொண்டால் ஒன்றும் கிடையாது. அது தெரியாமல், அவருக்குக் கேட்காமல் போனதையெல்லாம் ரசனை என்று நம்பி லைக் போட்டிருக்கிறோம். நாலாயிரம் மடையர்கள்!

மதினி மேடையேறினார். அண்ணாச்சி முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "அவ்வளவு நேரமும் பேசிக்கிட்டேதான் இருந்தா. மவன்கிட்ட மனசுல உள்ளத எல்லாம் சொல்லிட்டா."

அண்ணாச்சி மதினியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. மைக் வாயருகே இருப்பதையே மறந்துவிட்டார் போல.

"என்னட்டி சொன்னா?" என்று கேட்டார். மண்டபம் முழுக்கக் கேட்டது.