நெடி வராத மிளகாய்

நாவூறு, செய்வினை என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். நீங்களும் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஆனால் போன மாரியில் டோர்ட்மண்டில் எங்கள் குசினியில் நடந்ததை நானே நின்று பார்த்தேன்.

என் மனைவி சுமதிக்கு வலக்கண் மங்கிக்கொண்டு வந்தது. கண் டொக்டர் கண்ணில் பிழையில்லை என்றார். வீட்டு டொக்டர் மன அழுத்தம் என்று குளிசை எழுதினார். வாய் ஓயாமல் கதைக்கிறவள், சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நிற்பாள். ஸ்கானுக்கு டேர்மின், அதாவது நாள், கேட்டால் மாதக்கணக்கில் பொறுக்கச் சொன்னார்கள், அதற்குள் மற்றக் கண்ணும் போய்விடுமோ என்ற பயத்தில், அவளின் அக்கா நாவூறு கழிக்க வந்தபோது நான் மறுக்கவில்லை.

அக்கா செத்தல் மிளகாயும் உப்பும் சுமதியின் தலையைச் சுற்றி எடுத்துச் சூட்டுச் சட்டியில் போட்டார். மிளகாய் கருகியது, புகை முகட்டைத் தொட்டது, அலாரம் கத்தியது, நம்பினால் நம்புங்கள், மூன்று பேரில் ஒருவருக்கும் இருமல் வரவில்லை.

"பாத்தியளோ தம்பி, நெடியே இல்லை. பொல்லாத கண்" என்றார் அக்கா. நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்பது எங்கள் ஆட்களின் கணக்கு.

அலாரம் கேட்டுக் கீழ்வீட்டு ஜெர்மன்காரர் வந்தார். உள்ளே காலை வைத்ததும் இருமி, கண்ணீர் வழியச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு மணக்கவில்லையா?"

"எனக்குக் கன காலமாக எதுவுமே மணப்பதில்லை" என்று ஜெர்மனில் சொன்னாள் சுமதி.

"ஏனப்பா என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஒருநாளும் கறியைப் பிழை சொல்லேல்லையே."

அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். மணமும் போய்க் கண்ணும் மங்குகிறது என்றதும் ஸ்கான் எடுத்தார்கள். நெற்றிக்குப் பின்னால், மண நரம்பையும் கண் நரம்பையும் அமத்திக்கொண்டு, ஒரேஞ்சுத் தோடம்பழ அளவில் ஒரு கட்டி. புற்றுநோயில்லை, அந்த இடத்தில் வருவது அபூர்வம், பல வருடமாக வளர்ந்திருக்கிறது என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். கண் தப்பியது, மணம் திரும்பவில்லை.

எல்லாம் விளங்கிவிட்டதென்று நினைத்து, மிளகாய்க் கதையைச் சத்திரசிகிச்சை டொக்டருக்குச் சிரித்தபடி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மணம் போனாலும் மிளகாய் எரிவு வேறு நரம்பால் போகும். உங்கள் மனைவி இருமியிருக்க வேண்டும்."

சுமதியை விடுங்கள், நானும் அக்காவும்? என் மூக்கையும் சோதித்தார்கள், ஒரு குறையுமில்லை.

இப்போதும் நான் மிளகாய் பொரித்தால் சுமதி குசினி வாசலுக்கு வருவாள். முதலில் அவள் இருமுவாள். பிறகு, நான் இருமும்வரை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.