ரிவர்ஸ் விழாத லாரி

எங்கள் லாரிக்கு என்னைவிட வயது அதிகம். அதன் கியர் தரையில் இருக்காது. ஸ்டியரிங்கின் கழுத்திலிருந்து இடப்பக்கமாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அத்தா இழுப்பார், தள்ளுவார். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். சிங்கப்பூர் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றி தேக்கா கடைகளில் இறக்குவதுதான் அவர் தொழில். பள்ளி விடுமுறையில் நானும் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொள்வேன்.

எனக்குப் பத்து வயதான அந்த விடுமுறையில் ஒருநாள், தேக்காவில் சரக்கு இறக்கும் இடத்தில் அத்தா ரிவர்ஸ் எடுத்தார். வண்டி முன்னால் பாய்ந்தது. கீரைக் கூடைகள் நசுங்கின. கூடைகளுக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த கடைக்கார அக்கா எப்படித் தப்பினார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் திட்டவில்லை, சுவரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினார். அத்தா இறங்கிப்போய், தேறிய கீரைக் கட்டுகளைப் பொறுக்கி வைத்தார்.

“கியர் லூசாயிடுச்சுக்கா” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சின்னத்தா எங்கள் பூன் லே வீட்டுக்கு வந்தார். அத்தாவின் தம்பி, பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அண்ணன் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தேநீரைக்கூட நின்றபடியே குடித்துவிட்டு, அத்தாவோடும் என்னோடும் லாரி நிறுத்துமிடத்துக்குக் கிளம்பினார்.

என்னை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி, கம்பியை மேலும் கீழும் அசைக்கச் சொன்னார். அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். மேலே நான் அசைப்பது கீழே போய்ச் சேரவில்லை என்று கண்டுபிடிக்க அவருக்கு வெகுநேரம் ஆகவில்லை. ஸ்டியரிங் தண்டின் அடியில், கியர் பெட்டிக்குப் போகும் கம்பி வந்து சேரும் மூட்டில், புஷ் என்னும் பிளாஸ்டிக் வளையம் தேய்ந்து, வட்டம் முட்டை வடிவமாகியிருந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிய்ந்த சுண்டைக்காய்போல இருந்தது. இவ்வளவு பெரிய லாரியை இதுவா முன்னால் தள்ளியது என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

புதிய புஷ்ஷும் வாஷரும் போட்டு முடுக்கினார். மறுபடி என்னை அசைக்கச் சொன்னார். கம்பி இப்போது இறுக்கமாக நின்றது. சின்னத்தா ஏறி ரிவர்ஸ் எடுத்தார். வண்டி ஒழுங்காகப் பின்னால் போனது. இறங்கி, அண்ணனுக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.

ரிவர்ஸுக்குக் கம்பியைத் தன் பக்கம் நன்றாக இழுத்து, அப்புறம் மேலே தூக்க வேண்டும். இழுப்பு போதாமல் தூக்கினால் முன்னால் போகும் கியர்தான் விழும். அத்தா இழுத்தார், தூக்கினார். வண்டி முன்னால் குதித்து அணைந்துபோனது. மறுபடியும் முயன்றார். மறுபடியும் அதேதான்.

சின்னத்தா கம்பியைப் பார்க்கவில்லை. அதன்மேல் இருந்த அத்தாவின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் கம்பியைச் சுற்றியிருந்தன, ஆனால் மூடவில்லை.

“நான் போட்டது சரியில்லண்ணே” என்றார் சின்னத்தா. “வேற பார்ட் வரணும்லா. அதுவரைக்கும் நான் லீவு போட்டு ஓட்டுறேன். நீங்க ஓட்ட வேணாம்.”

அத்தா இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“சரியாத்தான்டா போட்டிருக்க” என்றார்.

பிறகு இறங்கிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்தார். அன்றுதான் முதல்முறையாகச் சின்னத்தா அண்ணனின் தோளைத் தொட்டதைப் பார்த்தேன். மூவரும் வீட்டுக்கு நடந்தோம். அத்தாவுக்குத் தம்பியின் வேலையில் குறை சொல்ல மனமில்லை, அதுதான் அப்படிச் சொல்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். சின்னத்தாவுக்கு பஸ்தான் தெரியும், லாரி தெரியாது என்று அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அம்மா என் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டார்.

அத்தாவின் இடது கையைப் பிடித்திருந்த நோயின் பெயர் எங்கள் வீட்டுக்குள் வர இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஆனால் அந்த வாரத்திலிருந்தே, காலையில் அத்தாவின் சட்டைப் பொத்தான்களை அம்மா போட்டுவிடத் தொடங்கினார். ஜன்னலோரம் இருவரும் மிக நெருங்கி நிற்பார்கள். நானும் தங்கையும் கதவிடுக்கு வழியே எட்டிப் பார்ப்போம். இந்த வயதில் இவர்களுக்கு வந்த ஆசையைப் பார் என்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.